பிரித்தானியாவில் கலியாணம் செய்தவர்களுக்கு: வரியிலும் பெனிபிட்டிலும் என்ன மாறும், யாருக்கு எப்போது சொல்ல வேண்டும்

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காருவேன். ஒருநாள் ஒரு தம்பி நான்காக மடித்த கடிதத்தோடு வந்தார். குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம். மனைவி ஊரிலிருந்து வந்து ஏழு மாதம். வந்த மூன்றாம் மாதமே ஒரு கடையில் பகுதிநேர வேலைக்கும் சேர்ந்துவிட்டார். "அண்ணை, நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. டாக்ஸ் ஆக்களுக்கு அப்பவே சொல்லிட்டன்" என்றார். அது உண்மைதான். வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யில் கலியாணத்தைப் பதிந்திருந்தார், கலியாணமானவர்களுக்கான வரிச் சலுகையான மேரேஜ் அலவன்ஸ்கூட வந்திருந்தது. யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் மட்டும் அவர் இன்னும் தனியாளாகவே இருந்தார்.

ஒரு இடத்தில் சொன்னால் எல்லா இடத்துக்கும் போய்விடும் என்று அவர் நினைத்ததில் பிழை சொல்ல மாட்டேன். புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இங்கே வரிக்கும், அரசு உதவிப் பணமான பெனிபிட்டுக்கும் "தம்பதி" என்ற சொல்லின் பொருளே வேறு. வரி பார்ப்பது கலியாணக் கடதாசியை. பெனிபிட் பார்ப்பது ஒரே வீட்டில் யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் சுலபமாக விளங்கும்.

தொகைகளைப் பற்றி ஒரு சொல்: நான் தருபவை 2025-26 வரியாண்டுக்கு உரியவை. வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். பெனிபிட் தொகைகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் படி: உங்கள் கலியாணம் சட்டப்படி கலியாணமா?

கேட்கவே சங்கடமான கேள்வி. ஆனால் கேட்டாக வேண்டும். இங்கிலாந்திலோ வேல்சிலோ கோயிலில் ஐயர் வைத்து, தாலி கட்டி, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும், சட்டப்படி பதிவு நடக்கவில்லை என்றால் வரிக் கணக்கில் நீங்கள் கலியாணம் ஆகாதவர்கள். சட்டப்படி கலியாணம் செய்யும் இடமாகப் பதிவு பெற்ற கோயில், முறைப்படி நடத்தும் பதிவாளர் அல்லது அதிகாரம் பெற்றவர் என்று எல்லாம் பொருந்தினால்தான் அந்தச் சடங்கே போதும். சந்தேகம் இருந்தால் கோயில் நிர்வாகத்திடம் நேரே கேளுங்கள். இல்லையென்றால் உள்ளூர் பதிவு அலுவலகத்தில் எழுத்து வைக்க வேண்டும். அதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு இது 70 நாள் வரை நீளலாம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கணக்குப் பண்ணுங்கள்.

இலங்கையிலோ இந்தியாவிலோ அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியான கலியாணம் என்றால் இங்கே பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், திரும்பப் பதிய வேண்டியதில்லை. சான்றிதழின் மூலப்பிரதியும், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: வரிக் கணக்கு தனித்தனி என்பதை மனதில் போடுங்கள்

1990 ஏப்ரல் வரை இந்த நாட்டில் மனைவியின் வருமானம் கணவனுடைய வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்பட்டது. அதன்பின் ஒவ்வொருவரும் தனி. கலியாணம் ஆனதும் இருவர் வருமானத்தையும் கூட்டி வரி போடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் 12,570 பவுண் வரை வரியில்லாத தொகை உண்டு. இதைத்தான் பெர்சனல் அலவன்ஸ் என்பார்கள்.

புதிதாக வந்த துணை முதலில் செய்ய வேண்டியது வரிக்கும் அரசின் சமூகக் காப்புறுதிக்கும் உங்களை அடையாளம் காட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பருக்கு விண்ணப்பிப்பது. அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த படிக்கு அது தேவை. கலியாணத்தையும், பெயர் மாறியிருந்தால் அதையும் எச்.எம்.ஆர்.சி.க்குச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: மேரேஜ் அலவன்ஸ்

இது தானாக வராது. கேட்டால்தான் வரும். கலியாணம் ஆகிப் பத்து வருடமாகியும் இதைக் கேட்காதவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன், மனம் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். ஒருவருடைய வருமானம் 12,570க்குக் கீழே, மற்றவர் அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவர், அதாவது அவருடைய வருமானம் 50,270க்கு மேல் போகவில்லை. அப்படியானால் குறைவாக உழைப்பவர் தன் பெர்சனல் அலவன்சில் 1,260 பவுணை மற்றவருக்குக் கொடுக்கலாம். அதில் இருபது வீதம், வருடத்துக்கு 252 பவுண் வரி குறையும். ஸ்கொட்லாந்தில் வரிப் படிகள் வேறு என்பதால் மேல் எல்லை குறைவு, 43,662.

மனைவி பகுதிநேர வேலையில் 9,000 உழைக்கிறார், கணவர் 28,000 உழைக்கிறார் என்று வைப்போம். கணவருக்கு வரி 3,086. மேரேஜ் அலவன்ஸ் வந்தால் 2,834. மனைவிக்கு எந்த நட்டமும் இல்லை, அவருக்கு வரியே கிடையாது. இதே மனைவி 12,000 உழைத்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொடுத்தபின் அவருக்கு மிஞ்சும் அலவன்ஸ் 11,310. மேலே உள்ள 690க்கு அவர் 138 பவுண் வரி கட்டுவார். குடும்பத்துக்கு மிஞ்சுவது 114. அப்போதும் லாபம்தான், ஆனால் யாருடைய சம்பளத்தில் வெட்டு விழும் என்பதை இருவரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்க வேண்டியவர் குறைவாக உழைப்பவர். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: வரி கட்டுபவர் தன் பெயரில் விண்ணப்பித்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிறார். அரசின் இணையதளத்தில் செய்யலாம், இருவருடைய நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் வேண்டும். இணையம் வசதிப்படாதவர்களுக்குத் தபாலில் அனுப்பும் படிவமும் உண்டு. வருட நடுவில் கலியாணம் செய்திருந்தாலும் அந்த வரியாண்டு முழுவதற்கும் கிடைக்கும். தகுதி இருந்தால் பின்னோக்கி நான்கு வரியாண்டுக்கும் கேட்கலாம். நடப்பு ஆண்டோடு சேர்த்தால் ஐந்து ஆண்டு, 1,260 பவுண் வரை. ஆனால் அந்தந்த ஆண்டில் உங்களுக்குக் கலியாணம் ஆகியிருக்க வேண்டும். துணை அப்போது வெளிநாட்டில் இருந்திருந்தால், அவருக்குப் பிரித்தானியப் பெர்சனல் அலவன்ஸ் உரிமை இருந்த ஆண்டுகளுக்குத்தான் கேட்க முடியும்.

வந்ததா என்று எப்படித் தெரியும்? சம்பளச் சீட்டை எடுங்கள். வழக்கமான வரிக் குறியீடு 1257எல். அலவன்ஸ் வாங்குபவருக்கு அது 1383எம் என்று மாறும், கொடுத்தவருக்கு 1131என். எழுத்து மாறாவிட்டால் ஏதோ நிற்கிறது, கூப்பிட்டுக் கேளுங்கள். முந்தைய ஆண்டுகளுக்கான பணம் தனியாகத் திரும்பி வரும்.

இன்னொன்று. "உங்கள் மேரேஜ் அலவன்ஸை நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று முகநூலில் விளம்பரம் வரும். போனில் இரண்டு விரலால் தட்டினால் முடிந்துவிடும், பணம் வந்ததும் அதில் பெரிய பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். போன வருடம் ஒரு தங்கச்சி அப்படி ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, கையில் கிடைத்ததைக் காட்டியபோது எனக்கே வயிறு எரிந்தது. நீங்களே செய்தால் செலவு ஒரு பென்ஸ்கூட இல்லை, இருபது நிமிட வேலை.

துணைவர் விசாவில் இருப்பவர்கள் "இதுவும் அரசாங்கப் பணமா, விசாவுக்கு ஆபத்தா" என்று பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். மேரேஜ் அலவன்ஸ் வரிச் சலுகை. குடிவரவுச் சட்டம் சொல்லும் பொதுநிதியில், அதாவது விசாவில் இருப்பவர் எடுக்கக்கூடாத அரசு உதவிகளில், அது சேராது.

நான்காம் படி: பெனிபிட் எடுப்பவர்கள், விமானம் தரையிறங்கிய நாளைக் குறித்து வையுங்கள்

இதை ஆறுதலாகப் படியுங்கள், தவறு நடப்பது இங்கேதான்.

யூனிவர்சல் கிரெடிட்டில் நீங்கள் கலியாணம் செய்தவரா என்பது பெரிய கேள்வியே அல்ல. சேர்ந்து வாழ்கிறீர்களா என்பதுதான் கேள்வி. எழுத்து வைக்காமல் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்தாலும் நீங்கள் தம்பதி. எழுத்து வைத்துவிட்டு, துணை விசாவுக்காக யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ காத்திருந்தால், அவர் வந்து இந்த வீட்டில் குடியேறும் வரை உங்கள் கணக்கு தனியாள் கணக்கு. ஆக, ஒரே கலியாணம் வரிக்கு எழுத்து வைத்த நாளில் தொடங்குகிறது, பெனிபிட்டுக்கு ஹீத்ரோவிலிருந்து பெட்டிகளோடு வீட்டுக்கு வந்த நாளில் தொடங்குகிறது.

அன்றைக்கே அல்லது அடுத்த நாளே உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் அந்த மாற்றத்தைப் பதியுங்கள். துணையும் ஒரு கணக்குத் திறக்க வேண்டியிருந்தால், இரண்டையும் இணைக்க ஒரு குறியீடு தருவார்கள். ஜேர்னல் என்ற பகுதியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: இன்ன தேதி வந்தார், இன்ன விசா, வேலை உண்டு அல்லது இல்லை. பின்னால் கேள்வி வந்தால் அந்த இரண்டு வரி உங்களைக் காப்பாற்றும். நான் முதலில் சொன்ன தம்பியிடம் அந்த இரண்டு வரி இல்லை.

தொகை எப்படி மாறும்? 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனியாளுக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண், தம்பதிக்கு 628.10. ஏற்கனவே பெனிபிட் எடுக்கும் இருவர் சேர்ந்தால் 800.28 ஆக இருந்தது 628.10 ஆகும், மாதம் 172 பவுண் குறையும். ஒரு வீட்டில் வாடகையும் வெளிச்சச் செலவும் பங்குபோடுகிறார்கள் என்ற எண்ணத்தில் வைத்த கணக்கு இது.

ஒருவர் வேலை செய்தால் வேறு கணக்கு. ஒரு பிள்ளையோடு வாடகை வீட்டில், வேலையில்லாமல் யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கும் அம்மா ஒருவர், மாதம் 1,800 பவுண் கையில் எடுக்கும் ஒருவரைக் கலியாணம் செய்கிறார். இந்த வீட்டுக்கு முதல் 411 பவுண் கணக்கில் வராது. மிச்சம் 1,389இல் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வெட்டுவார்கள், அது 763.95. கணவர் பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர் என்றால் அடிப்படைத் தொகை 227.96 கூடும். ஆக மாதம் 536 பவுண் குறையும். வீட்டுக்கு வரும் மொத்தப் பணம் கூடத்தான் செய்கிறது, ஆனால் அந்த அம்மா தன் கையில் வைத்திருந்த பணம் குறைகிறது. கலியாணத்துக்கு முன் இருவரும் இருந்து பேச வேண்டிய விஷயம் இது.

கணவர் துணைவர் விசாவில் வந்தவர் என்றால்? விசாவில் பொதுநிதி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அப்போதும் மனைவி தன் கணக்கைத் தொடரலாம், ஆனால் தனியாள் தொகைதான் கிடைக்கும், கணவருக்கென்று ஒரு பவுண்கூடச் சேராது. அதேசமயம் அவர் சம்பளமும் சேமிப்பும் முழுதாகக் கணக்கில் வரும். மேலே சொன்ன வீட்டில் 227.96 கூடாது, 763.95 குறையும். "அவருக்குத்தான் பெனிபிட் இல்லையே, அவரைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லாமல் விட்டால் கூடுதலாகக் கொடுத்த பணத்தைக் கேட்பார்கள், 50 பவுண் அபராதமும் போடலாம், வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் மோசடி வழக்கு வரை போகும். விசா நீட்டிப்பு வரும் வேளையில் அது எவ்வளவு பெரிய இடி என்று சொல்லத் தேவையில்லை.

சேமிப்பு விஷயமும் கவனம். யூனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் ஒன்றும் கிடைக்காது. 6,000க்கு மேல் போனாலே ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 குறைப்பார்கள். இந்த எல்லை தனியாளுக்கும் தம்பதிக்கும் ஒன்றே. கணவரிடம் 7,000, மனைவியிடம் 10,500 என்றால் தனித்தனியே இருவருக்கும் உரிமை இருந்திருக்கும், சேர்ந்தபின் 17,500, வாசல் மூடிவிடும். கலியாண வீட்டில் வந்த அன்பளிப்புக் கவர்களை வங்கியில் போட்டால் அதுவும் சேமிப்புத்தான். தாலிக்கொடியும் நகையும் சொந்தப் பாவனைப் பொருட்கள் என்பதால் கணக்கில் வராது, பெனிபிட்டுக்காகவே காசை நகையாக்கினால் வரும். ஊரில் மனைவி பெயரில் எழுதிய சீதனக் காணி? அதுவும் சொத்துத்தான், சொல்லியே ஆக வேண்டும். விற்க முடியாத சட்டச் சிக்கல் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

ஓர் ஆறுதலான பக்கமும் உண்டு. ஒருவருடைய உடல்நிலைக்காகக் கொடுக்கும் பிப், அவரவர் கட்டிய இன்சூரன்சின் பேரில் வரும் ஸ்டேட் பென்ஷன் போன்றவை கலியாணத்தால் குறையாது. மகப்பேற்றுச் சம்பளம், நோய் விடுப்புச் சம்பளம் போன்றவை பொதுநிதியும் அல்ல. விசாவில் இருப்பவரும் தகுதி இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பிள்ளை இருந்தால்

பிள்ளை வளர்ப்பவருக்கு அரசு கொடுக்கும் சைல்ட் பெனிபிட்டை விசாவில் இருப்பவர் கேட்கக்கூடாது, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள மற்றவர் கேட்கலாம். இருவரில் யாராவது ஒருவருடைய வருமானம் 60,000ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 200 பவுணுக்கும் அந்தப் பெனிபிட்டில் ஒரு வீதத்தை வரியாகத் திரும்ப வாங்குவார்கள். 80,000இல் முழுவதும் போய்விடும். கூடுதலாக உழைப்பவரின் வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். ஆளுக்கு 59,000 உழைக்கும் வீட்டுக்கு முழுத் தொகையும் கிடைக்கும், ஒருவர் மட்டும் 80,000 உழைக்கும் வீட்டுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. ஆனால் சட்டம் அப்படி. முதல் கலியாணத்துப் பிள்ளையோடு வரும் பெண்ணை மணந்தவருக்கும் இது பொருந்தும், பிள்ளை தன்னுடையது இல்லை என்று தப்ப முடியாது.

பணம் வராது என்று தெரிந்தாலும் படிவத்தை நிரப்புங்கள், பணம் வேண்டாம் என்று அதிலேயே குறிக்கலாம். வீட்டில் இருந்து பிள்ளை பார்ப்பவர் பெயரில் கேட்டால், பிள்ளைக்கு 12 வயதாகும் வரை அவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கு ஏறும். முழு ஸ்டேட் பென்ஷனுக்கு 35 வருடம் தேவை, பத்து வருடமாவது இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. 2016க்குப் பின் பென்ஷன் வயதை அடைபவர்களுக்குக் கணவர் கட்டியது பெரும்பாலும் உதவாது. வேலைக்குப் போகாத எங்கள் பெண்களில் எத்தனையோ பேருக்கு இந்த வருடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

சின்னச் சின்ன மாற்றங்கள்

தனியாக இருந்தபோது, உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸில் 25 வீதம் கழிவு எடுத்திருந்தால், துணை வந்ததும் அது போகும். கவுன்சிலுக்கு நீங்களே சொல்ல வேண்டும், யூனிவர்சல் கிரெடிட்டுக்குச் சொன்னது போதாது.

இருவர் பெயரிலும் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால், கலியாணத்துக்குப் பின் அந்த வருமானத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்தே வரி போடுவார்கள். உண்மையான பங்கு வேறு என்றால் படிவம் 17இல் கையெழுத்திட்டு 60 நாளுக்குள் எச்.எம்.ஆர்.சி.க்குக் கிடைக்கச் செய்யுங்கள். சேர்ந்து வாழும் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் பங்கோ வீடோ மாற்றிக் கொடுத்தால் அந்த நேரத்தில் மூலதன ஆதாய வரி இல்லை. இதெல்லாம் எழுத்து வைத்தவர்களுக்கு மட்டும்.

வயது வந்தபின் மறுமணம் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 மே 15 முதல், இருவரில் ஒருவர் பென்ஷன் வயதுக்குக் கீழே இருந்தால் குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான உதவியான பென்ஷன் கிரெடிட்டைத் தம்பதியாகப் புதிதாகக் கேட்க முடியாது, யூனிவர்சல் கிரெடிட் பக்கம் போக வேண்டும். தொகை மிகவும் குறையும். இளையவர் விசாவில் வந்தவர் என்றால் விதி வேறுவிதமாக வேலை செய்யும். ஆகவே ஐயாவோ அம்மாவோ தேதி குறிக்கும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிலையத்தில் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். இலவசம்தான்.

பிரிவும் இழப்பும்

பிரிந்தால் யூனிவர்சல் கிரெடிட்டில் உடனே சொல்லுங்கள், அவர் வெளியேறிய மாதத்திலிருந்து உங்களுக்குத் தனிக் கணக்கு. மேரேஜ் அலவன்ஸை நீங்களே நிறுத்தும் வரை அது ஒவ்வொரு வருடமும் தானாகத் தொடரும். விவாகரத்து முடிந்ததும், அல்லது மற்றவரின் வருமானம் 50,270ஐத் தாண்டினால், நிறுத்தச் சொல்லுங்கள்.

துணை இறந்துபோனால் பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட் என்ற உதவி உண்டு. பிள்ளைகளுக்குச் சைல்ட் பெனிபிட் எடுப்பவர்களுக்கு முதலில் 3,500 பவுண், பிறகு 18 மாதம் மாதத்துக்கு 350. பிள்ளை இல்லாதவர்களுக்கு 2,500, பிறகு மாதம் 100. இறந்தவர் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும், நீங்கள் பென்ஷன் வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். முழுத் தொகையும் வேண்டுமானால் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு எழுத்து இல்லாவிட்டாலும் 2023 முதல் வழி உண்டு. பிள்ளை இல்லாமல், எழுத்தும் இல்லாமல் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவருக்கு எதுவும் இல்லை.

ஆகவே கலியாணச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, இருவரின் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், யூனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் எழுதியதன் படம், எச்.எம்.ஆர்.சி. அனுப்பிய வரிக் குறியீட்டுக் கடிதம், இவற்றை ஒரே கோப்பில் போட்டு, அந்தக் கோப்பு எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே உங்கள் துணையிடம் காட்டி வையுங்கள்.